நாற்பத்திரண்டு: ஆளில்லை

நான் பிறந்து வளர்ந்த இடத்துக்குள் நுழைவதற்கு, நெஞ்சில் 'வருகையாளர்' என்று ஒரு தாளை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குக் கோபம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அதற்கும் முன்பே, பேருந்தை விட்டு இறங்கித் தெரு இருந்த இடத்தில் தெருவைத் தேடியபோதே ஆரம்பித்துவிட்டது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. பேருந்தில் டிக்கெட் பரிசோதகர் வேலை. கோபம் எனக்குத் தொழில் சாமான். பையில் பேனாவும் அபராதப் புத்தகமும், மூக்கு நுனியில் கோபமும் இல்லாமல் நான் வண்டி ஏறியதில்லை.

அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். மூன்று மணிக்கு அவளுக்கு விசாரணை. எங்கள் தெருவை இடித்துவிட்டு அதே இடத்தில் மாடிக் குடியிருப்பு கட்டியிருந்தார்கள். இடிக்கப்பட்ட வீடுகளுக்குப் பதில் வீடு கிடைக்காதவர்களுக்காகக் குறைதீர்ப்புக் குழு என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதன் கடைசி அமர்வு அன்றுதான். அன்று வீடு உண்டு என்று எழுதினால் உண்டு, இல்லையென்றால் இல்லவே இல்லை. இரண்டு வருடமாக அக்கா, தான் இஸ்திரி போடும் சலவைக்கூடத்தின் சாமான் அறையில் படுத்து எழுந்துகொண்டிருக்கிறாள். மாதக் கடைசிக்குள் அதையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார் முதலாளி. என் வீட்டுக்கு வா என்றால் வரமாட்டாள். அவளுடைய வேலையும் மனிதர்களும் இங்கேதான். "நீ சும்மா பக்கத்துல உக்காரு, போதும். சண்டை போடாதே" என்று சொல்லித்தான் என்னை வரவழைத்திருந்தாள். யாரிடம் என்ன கேட்கிறோம் என்ற விவரமே கிடையாது அவளுக்கு.

எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. பாதிப் பேருக்கு விடியும் முன் வேலை, பாதிப் பேருக்கு ராத்திரி வேலை. அதனால் எந்த வீட்டுக் கதவை யார் தட்டினாலும், வீட்டிலிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் அந்த வாசலில் போய் நின்று "இந்த வீட்டு ஆள்தான்" என்பார். கடிதம் வந்தால் கையெழுத்துப் போடுவார், மின்சார அளவு பார்க்க வந்தவருக்குக் கதவைத் திறந்துவிடுவார். யாரும் இதை உதவி என்று நினைத்ததில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, நான்கு வீட்டுக்கு ஆளாக நின்றிருக்கிறேன்.

வீடுகளை இடிக்கும் முன் கணக்கெடுக்க வந்தார்கள். பகல் பத்து மணி. நாற்பத்தொன்றாம் வீட்டுப் பேக்கரிக்காரர் அடுப்படி வேலையில். அவர் மனைவி பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போயிருக்கிறாள். உள்ளே அவருடைய அப்பா, எழுந்து நடமாட முடியாதவர். வழக்கம்போல அக்கா ஓடிப்போய் அந்த வாசலில் நின்றாள். குடும்பத்து ஆள்தான் கையெழுத்துப் போடவேண்டும், என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். தங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நம்பர் எழுதிய சிலேட்டைக் கையில் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்தது நாற்பத்திரண்டு. எங்கள் அம்மா அப்பா காலத்திலிருந்து எங்கள் வீடு. கதவு மூடியிருந்தது. வீட்டுக்காரிதான் பக்கத்து வாசலில் நிற்கிறாளே.

அதுவும் என் வீடுதான் என்று அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் இப்போது போட்ட கையெழுத்து பொய்யாகிவிடும். நமக்கு நாற்பத்துமூன்றிலிருந்து யாராவது வந்து நிற்பார்கள் என்று பார்த்தாளாம். அந்த வீட்டு டிரைவர் மனைவி அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கணக்கெடுக்க வந்தவர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அக்காவின் கண் முன்னாலேயே 'ஆளில்லை' என்று எழுதிக்கொண்டு நடையைக் கட்டினார். வாயில்லாப் பூச்சி, அந்தச் சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த ஆள்மேல் எரிகிறதா, அக்காமேல் எரிகிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

குழு உட்காரும் அறை, புதுக் குடியிருப்பைப் பற்றிப் படமும் பலகையும் மாட்டிய காட்சிக்கூடத்துக்குள் இருந்தது. அழைப்புக் கடிதம் இல்லாதவர்கள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களோடுதான் உள்ளே போகலாமாம். எனவே அக்காவை அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வெளியூர்க்காரர்கள் பதினைந்து பேரோடு சேர்ந்து என் தெருவை நானே சுற்றிப் பார்க்கப் போனேன். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் வழிகாட்டி. நல்ல குரல். மீள்திறன், மீள்திறன் என்று அவள் பதினோரு தடவை சொன்னாள். எண்ணிக்கொண்டுதான் வந்தேன், எண்ணுவது என் தொழில். எதிலிருந்து மீண்டார்கள் என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஏதோ மழையோ புயலோ வந்து எங்கள் வீடுகளை அடித்துக்கொண்டு போனதுபோலப் பேசினாள்.

செயற்கை நீரூற்றுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு மூடி தரையில் கிடந்தது. பழைய சாக்கடையின் மூடி. அதன் மூலையில் உடைந்திருந்த துண்டைப் பார்த்ததும் எனக்கு இடம் பிடிபட்டுவிட்டது. அதிலிருந்து நாலு எட்டு வைத்தால் எங்கள் வாசல். நான் நாலு எட்டு வைத்து நின்றேன். புல் மேலே ஏறக் கூடாது என்று காவலாளி விசில் ஊதினார்.

பிறகு மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போய் 'மாதிரி வீடு' என்று ஒன்றைத் திறந்து காட்டினாள் பச்சைச் சட்டை. இங்கே இருந்தவர்களுக்கு இப்படிப்பட்ட வீடுதான் கொடுக்கப்பட்டிருக்கிறதாம். மேசையில் ஒரு கிண்ணம் நிறைய பிளாஸ்டிக் ஆப்பிள். யாரும் படுக்காத கட்டிலில் சுருக்கமில்லாத விரிப்பு. வந்தவர்கள் செருப்புக் காலோடு உள்ளே போய், குழாயைத் திறந்து பார்த்து, கட்டிலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஆப்பிளுக்கு ஒரு வீடு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், என் அக்கா சோப்புத்தூள் மூட்டைகளுக்கு நடுவே படுக்கிறாள். வாயைத் திறந்தால் அங்கேயே அடிதடி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

காட்சிக்கூடத்துக்குத் திரும்பியதும்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு அக்கா. கையில் '41' என்ற சிலேட்டு. கீழே பெரிய எழுத்தில்: 'அண்ணனின் வீட்டைக் காத்து நிற்கும் தங்கை. இதுவே இந்த மக்களின் மீள்திறன்.' பன்னிரண்டு. பக்கத்திலேயே ஒரு பலகையில் தங்கள் பெருமைகளைப் பட்டியல் போட்டிருந்தார்கள். 'எந்தக் குடும்பமும் பிரிக்கப்படவில்லை. ஆறு பேருக்கு மேல் உள்ள குடும்பத்துக்கு அடுத்தடுத்து இரண்டு வீடுகள்.' அதை மேலோட்டமாகப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தேன்.

படத்தில் அக்கா வெறுங்காலோடு நின்றாள். அக்கா வெறுங்காலோடு வெளியே போகிறவள் இல்லை. ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, நாற்பத்திரண்டின் வாசல் தெரிந்தது. மூடிய கதவு. கதவடியில் நீல வார் வைத்த ஒரு ஜோடி செருப்பு. அந்தச் செருப்பை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதையேதான் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆளில்லை என்று எழுதிய வீட்டு வாசலில் ஆளின் செருப்பு கிடக்கிறது. அதைத் தாங்களே படம் பிடித்து, தாங்களே சுவரில் மாட்டி, ஊரைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். இதை வைத்தே குழுவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்றேன். அவள் படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

"நாற்பத்திரண்டு என் வீடுன்னு காட்டினா, நாற்பத்தொண்ணுல நின்னது பொய்னு ஆயிடும். பேக்கரி அண்ணனோட வீட்டைப் பிடுங்கிடுவாங்க" என்றாள்.

"அப்போ உன் வீடு?"

"பெரியவர் படுக்கையில கிடக்கறார். மூணு பிள்ளைங்க. நான் ஒருத்திதானே."

ஒருத்தி என்றால் மழையில் நனைய மாட்டாளா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி மூன்றாவது மாடிக்கு ஏறினேன். அந்த அண்ணனைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் இவள் மூட்டைகளுக்கு நடுவே கிடக்க, வாயைத் திறக்காமல் வீட்டுக்குள் படுத்துத் தூங்கின மகராசன்.

மாதிரி வீட்டுக்கு அடுத்த கதவுதான் பேக்கரிக்காரர் வீடு. ஒரே அறை. பெரியவர் கட்டிலில் கிடந்தார். கட்டிலுக்கு அடியில் பிள்ளைகளின் பள்ளிப் பைகள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பாய். வேலை முடிந்து வந்திருந்த பேக்கரிக்காரருக்கு முழங்கை வரை மாவு. என்னைப் பார்த்ததும், சின்னவளா, வா வா என்று எழுந்தார். அவர் மனைவி உட்கார இடம் தேடினாள். நான் நின்றுகொண்டே கேட்டேன். கேட்டேன் என்ன, பெரியவர் காது கேட்காதவர் என்ற தைரியத்தில் கத்தினேன். வாரம் ஒரு ரொட்டிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினால் வீட்டுக்குச் சரியாகப் போய்விடுமா, அவள் போட்ட கையெழுத்தில்தானே இந்தக் கூரை உங்கள் தலைக்கு மேல் நிற்கிறது என்றெல்லாம் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ரெண்டு தடவை உண்மையைச் சொல்லிடலாம்னு கிளம்பினேன்மா. ரெண்டு தடவையும் உங்க அக்கா வழிமறிச்சுத் திருப்பி அனுப்பிட்டா" என்றார். "நானும் திரும்பிட்டேன். அதுதான் என் தப்பு."

நீங்கள் திரும்பிய வேகம் எனக்குத் தெரியும் என்றேன். மூன்று மணிக்கு வாருங்கள், உங்களுக்கு வீடு கொடுத்த அந்த ஒதுக்கீட்டுக் காகிதத்தையும் எடுத்து வாருங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அக்கா முகத்தைப் பாருங்கள், அது போதும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவரைக் கூனிக் குறுக வைக்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு எண்ணம் இல்லை. ஒளிப்பானேன்.

குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். அறைக்குக் கண்ணாடிச் சுவர், வெளியே அடுத்த வருகையாளர் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. பேக்கரிக்காரர் வந்து கதவோரம் நின்றார். கை கழுவியிருந்தார், முழங்கை மடிப்பில் மட்டும் கொஞ்சம் மாவு இருந்தது.

தலைவர் அக்காவின் கோப்பைப் புரட்டினார். நாற்பத்திரண்டாம் வீட்டுக்குப் பதில் வீடு கேட்கிறீர்கள், ஆனால் கணக்கெடுப்பில் நீங்கள் நாற்பத்தொன்றாம் வீட்டு ஆளாகப் பதிவாகியிருக்கிறீர்கள், அண்ணனின் தங்கையாக, அந்தக் குடும்பத்துக்குத்தான் வீடு கொடுத்தாயிற்றே என்று வரிசையாகப் படித்தார். போன தடவை நிராகரித்த கடிதத்திலும் இதே காரணம்தான். ஒருவரை இரண்டு வீட்டில் கணக்கில் எடுக்க முடியாதாம். சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி அக்காவைப் பார்த்தார். இல்லை, அவர் அண்ணன் இல்லை என்று நீங்கள் இப்போது சொன்னால், அந்தப் பதிவே பொய் என்றாகும், அந்த வீட்டை ரத்து செய்ய வேண்டிவரும் என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்புறம் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"இவங்க கூடப்பிறந்த தங்கச்சி."

"அப்போ நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லுங்க. இவர் உங்க அண்ணன்தானா?"

அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் இஸ்திரிப் பெட்டி பிடித்த காய்ப்பு உறுத்தியது. இல்லை என்று ஒரு சொல் போதும். சொன்னால் என் அக்காவுக்குப் பேச ஒரு வழியாவது கிடைக்கும், பெரியவரின் கட்டில் தெருவுக்கு வரும். டிக்கெட் இல்லாதவனை நான் இதுவரை ஒருநாளும் விட்டதில்லை, அழுதாலும் விட்டதில்லை. பொய் சொல்லிப் பழகிய வாயே இல்லை எனக்கு. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அதற்குள் கதவோரம் நின்ற பேக்கரிக்காரர் முன்னால் வந்துவிட்டார். ஐயா, நானே சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அந்த ஒதுக்கீட்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்தார். திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று அவர் வைத்த விதத்திலேயே தெரிந்தது. காகிதம் என் பக்கமாக இருந்தது. யார் காகிதம் நீட்டினாலும் என் கண் முதலில் எண்ணைத்தான் படிக்கும். 'குடும்ப உறுப்பினர்கள்: 6.'

பேக்கரிக்காரர், மனைவி, பெரியவர், மூன்று பிள்ளைகள். ஆறு.

அக்கா எங்கே?

ஒரே டிக்கெட்டை இரண்டு பேருக்குக் காட்டி ஏமாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆளைக் காட்டி இரண்டு வீட்டை விழுங்குகிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாற்பத்திரண்டைக் கேட்டால், அவள் நாற்பத்தொன்றில் இருக்கிறாள். நாற்பத்தொன்றில் எண்ணினால், அவளே இல்லை. உடம்பெல்லாம் கொதித்தது. ஆனால் பேச்சு மட்டும் எப்படியோ நிதானமாக வந்தது.

"ஆமா. எங்க அண்ணன்தான்" என்றேன்.

பேக்கரிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அக்காவின் பிடி தளர்ந்தது. தலைவர் நிம்மதியாகப் பேனாவை எடுத்தார்.

"எழுதுங்க. நல்லாப் பெருசா எழுதுங்க. அண்ணன் வீட்டுல ஆறு பேரு, எங்க அக்காவோட சேர்த்து ஏழு. ஆறுக்கு மேல போனா அடுத்தடுத்து ரெண்டு வீடுன்னு வெளியில நீங்களே பலகை வெச்சிருக்கீங்க. இந்தக் காகிதத்துல ஏன் ஆறுன்னு இருக்கு?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். தங்கை அந்த வீட்டில் நிரந்தரமாக வசிக்கவில்லை என்று கருதப்பட்டிருக்கலாம் என்று இழுத்தார். அப்படியானால் அவள் நாற்பத்தொன்றின் ஆள் என்று சொல்லி நாற்பத்திரண்டை நிராகரித்த கடிதம் என்ன ஆகும் என்று கேட்டேன். இரண்டில் எதை வேண்டுமானாலும் கிழியுங்கள், ஒன்றைக் கிழித்துத்தான் ஆகவேண்டும் என்றேன். பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார். இது பரிசீலிக்க வேண்டிய விஷயம், பிறகு தெரிவிக்கிறோம் என்றார் தலைவர். இன்றைக்குத்தானே கடைசி அமர்வு, எழுதிக் கையெழுத்துப் போடாமல் நான் எழுந்திருக்கப் போவதில்லை என்றேன். பேருந்து நிலையத்தில் பழகிய குரல் எனக்கு. கண்ணாடிக்கு வெளியே பச்சைச் சட்டை பேச்சை நிறுத்திவிட்டாள். பதினைந்து முகங்கள் எங்களைப் பார்த்தன, முதலில் சுவரில் இருந்த அக்காவை, பிறகு நாற்காலியில் இருந்த அக்காவை.

ஐந்தரை மணிக்கு, ஏழு பேர், அடுத்தடுத்து இரண்டு வீடு என்று எழுதித் தலைவர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் பேக்கரிக்காரர் என் முன்னால் கைகூப்பினார். தங்கச்சி என்று கூப்பிட்டார். எனக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை. அண்ணன் என்றால் அண்ணனாக நடந்துகொள்ளுங்கள், இரண்டு வருடம் கழித்து அல்ல என்று சொன்னேன். சரிம்மா என்றார். அக்கா என்னை முறைத்தாள். பாவம் அந்த மனுஷன், திட்டாதே என்றாள். எங்கள் சொந்த வீட்டுக்குப் பதில் வீடு வாங்க நான் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வைத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்தடுத்து என்று அவர்களே எழுதிவிட்டதால் தப்பிக்க வழியில்லை. பேக்கரிக்காரர் வீட்டுக்கு ஒரு பக்கம் மாடிப்படி. இன்னொரு பக்கம் இருந்தது ஒரே ஒரு வீடுதான். மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்பு சாவி வந்தது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சாமான் மாற்ற உதவினேன். சாமான் என்ன பெரிய சாமான், இஸ்திரி மேசையும் இரண்டு பையும். பிளாஸ்டிக் ஆப்பிளைப் பேக்கரிக்காரரின் கடைக்குட்டி எடுத்துப்போய்க் கடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. பெரியவரின் கட்டிலை இந்த அறைக்கு மாற்றினோம். பகலில் அக்கா பார்த்துக்கொள்வாள் என்று அவர்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். உனக்கு எப்போதுதான் தனியாக ஒரு அறை என்று கேட்டேன். தனியாக இருந்து என்ன பண்ண என்றாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வராந்தாவில் பேச்சுக்குரல் கேட்டது. மீள்திறன், மீள்திறன். பச்சைச் சட்டைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. வழக்கம்போலத் தன் கூட்டத்தோடு வந்து, வழக்கம்போலச் சாவியை எடுத்துக்கொண்டு, கதவுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நீல வார்ச் செருப்பு கிடந்தது. அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

எப்போதும் பக்கத்து வாசலுக்கு ஓடுகிற அக்கா, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மெதுவாகப் போய்த் தன் கதவைத் திறந்தாள். பதினைந்து வருகையாளர்கள் எட்டி உள்ளே பார்த்தார்கள். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"இங்க ஆள் இருக்கு" என்றாள்.